மகளின் கபடி ஆட்டம் யூடியூபில் ஓடுகிறது, நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி:

மேடம், என் மகள் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி கபடி அணியில் ரைடர். இந்த வருடம் குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போகப் போகிறார்கள். பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் யூடியூப் சேனல் வைத்திருக்கிறார்கள். குறுவட்ட ஆட்டங்களை எல்லாம் அதில் லைவ் போட்டார்கள். என் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மகள் ஆடுவதை முதன்முதலாக அந்த லைவில்தான் பார்த்தார். போனில் அழுதே விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, யாரோ அந்த வீடியோவில் என் மகளை நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுக்கும் இடத்தை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, சினிமாப் பாட்டு சேர்த்து ஷார்ட்ஸ் போட்டிருக்கிறார்கள். கீழே உள்ள கமெண்டுகளை எழுதவே கூசுகிறது. என் தம்பி, "போதும், இனி விளையாட்டே வேண்டாம்" என்கிறான். பி.டி. சாரிடம் சொன்னால், "கிரவுண்டு பொது இடம்மா, யாரு வேணாலும் எடுப்பாங்க. நாலு பேரு பார்த்தாத்தானே பிள்ளைக்குச் சான்ஸ் வரும்" என்கிறார். மகளோ, "நீ போய் எதுவும் கேட்காதே, டீமே என்னைத் திட்டும்" என்கிறாள். பள்ளி ஆட்டங்களைப் படம் பிடித்து ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டுவது சரியா? நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?

ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில் (குழந்தைகள் தொடர்பான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):

சகோதரிக்கு வணக்கம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் பிடிக்கலாம். ஆனால் குறுவட்டம், வருவாய் மாவட்டம் அளவிலான ஆட்டங்களை எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏன், எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் அந்த ஷார்ட்ஸைக் கவனிப்போம். அது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

ஆதாரத்தை முதலில் எடுத்து வையுங்கள், அப்புறம் நீக்கச் சொல்லுங்கள். வீடியோவின் லிங்க், போட்ட சேனலின் பெயர், தேதி, மோசமான கமெண்டுகள், அவற்றை எழுதியவர்களின் ஐடி எல்லாம் தெளிவாகத் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பலர் கோபத்தில் முதல் வேலையாக ரிப்போர்ட் அடித்துவிடுகிறார்கள். வீடியோ போய்விடுகிறது, பிறகு போலீஸ் கேட்டால் காட்டக் கையில் ஒன்றும் இருப்பதில்லை. இன்னொன்று: "இதைப் பாருங்கள், என்ன அநியாயம்" என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவைப் போட்டுவிடாதீர்கள். கோபத்தில் அனுப்பினாலும் அதுவும் பரப்புவதுதான்.

நீக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தனியுரிமைப் புகார். பிள்ளையின் பெற்றோர் என்ற முறையில் நீங்களே யூடியூபிடம் கொடுக்கலாம். போட்டவரிடம் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பொதுவாக, வீடியோ போட்டவருக்கு அதை எடுக்க 48 மணி நேரம் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் பரிசீலிப்பார்கள். இன்னொன்று பெரும்பாலானவர்களுக்குத் தோன்றாத வழி: பதிப்புரிமைப் புகார். அசல் ஆட்டத்தைப் படம் பிடித்தது முன்னாள் மாணவர்களின் சேனல். பதிவு அவர்களுக்குச் சொந்தம். அதை அனுமதி இல்லாமல் வெட்டி ஒட்டியவர்மீது அவர்கள் புகார் கொடுத்தால் வீடியோ பெரும்பாலும் சீக்கிரமே இறங்கிவிடும், போட்டவரின் சேனலுக்கும் ஒரு ஸ்ட்ரைக், அதாவது யூடியூபின் எச்சரிக்கை, விழும். இந்தப் புகாரில் கொடுப்பவரின் பெயர் எதிராளிக்குப் போகும் என்பதால் நீங்கள் கொடுக்காதீர்கள், சேனல்காரர்களைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் தொடங்கி வைத்த சிக்கல்தானே, அவர்கள் கையை வைத்தே அவிழ்க்கட்டும்.

போலீஸுக்குப் போவதா? எழுதவே கூசும் கமெண்டுகள் என்றால், போகலாம். 18 வயது நிரம்பாத பிள்ளையை நோக்கிப் பாலியல் எண்ணத்தோடு சொல்லப்படும் சொல் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். 12-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளை ஆபாசமாகவோ அநாகரிகமாகவோ காட்டும் பதிவை உருவாக்குவதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் மகளின் ஷார்ட்ஸ் இந்த இரண்டாவது பிரிவுக்குள் வருமா என்பதை வீடியோவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆட்டத்தை மெதுவாக ஓட்டியதால் மட்டும் வந்துவிடாது. எதைக் குறிவைத்து வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள் குழந்தைகளுக்கான பகுதியில் பதிவு செய்யலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பேப்பரில் பெயர் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை போக்சோவின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. தலைமையாசிரியருக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. அதை அவருக்குப் பணிவாக ஞாபகப்படுத்துங்கள். இப்படி ஒரு குற்றம் நடந்ததாகத் தெரிய வந்தால் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டு வரை சிறை என்று அதே சட்டம் சொல்கிறது. இங்கே வெட்டிப் போட்டவர் வெளியாளாக இருக்கலாம். அப்படியிருந்தாலும் தகவல் சொல்லும் கடமை எல்லோருக்கும் பொது.

ஒரே ஒரு நிபந்தனை. இந்த அடிகளில் எதையும் மகளுக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். அவளிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். உங்கள் பி.டி. சார் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாதி அரசுப் பள்ளிகளில் பெண்கள் அணியைக் கட்டிக் காப்பதே இப்படிப்பட்ட ஒரு பி.டி. மாஸ்டரின் பிடிவாதம்தான். ஆனால் அவர் சொன்ன இரண்டுமே முழு உண்மை இல்லை.

"கிரவுண்டு பொது இடம்." நேரில் வந்து பார்ப்பவர்களுக்கு அது சரி. மைதானத்தைச் சுற்றி நிற்பது யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது அசிங்கமாகக் கத்தினால் மாஸ்டரே கையைப் பிடித்து வெளியே தள்ளுவார். ஆட்டம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். யூடியூபில் திறந்து போட்ட வீடியோவுக்கு இந்த மூன்றுமே கிடையாது: பார்ப்பவன் யாரென்று தெரியாது, தள்ளிவிட முடியாது, ஆட்டம் முடிவதும் இல்லை. உங்கள் மகள் குறுவட்டத்தில் ஆடச் சம்மதித்தாள் என்றால் மைதானத்தில் நிற்பவர்கள் முன் ஆடச் சம்மதித்தாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நகர்ந்து வருகிறது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம், ஒருவரை அவர் பாட்டுக்கு இருக்கவிடுவது அவருடைய உரிமை என்றது. 2017-ல் 9 நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைதான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். முகம் தெரியும் வீடியோவும் தரவுதான். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பற்றிய பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்.

கல்வி நிறுவனங்களுக்கு இதில் சில விலக்குகள் உண்டு. அவை பாடம் சார்ந்த வேலைக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் கொடுத்த விலக்குகள். முன்னாள் மாணவர்களின் யூடியூப் சேனல் அதற்குள் ஒதுங்க முடியாது என்பது என் வாசிப்பு. தன் பிள்ளை ஆடுவதைத் தன் போனில் வீட்டுக்காக எடுக்கிற அப்பா அம்மாவை இந்தச் சட்டம் தொடாது. தொட வேண்டியதும் இல்லை.

இனி "சான்ஸ்". இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும். ஏனென்றால் நிறையப் பெற்றோர் வாயை மூடிக்கொள்வது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிக்கு ஆள் எடுப்பது நேரில் வைக்கும் தேர்வில். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்குக் கேட்பது சான்றிதழ். கல்லூரி சேர்க்கையிலும் அப்படித்தான். குறுவட்ட ஆட்டம் யூடியூபில் எத்தனை வியூஸ் வாங்கியது என்று எந்தத் தேர்வுக் குழுவும் கேட்பதில்லை. பயிற்சியாளர் யாராவது வீடியோ கேட்டால், அந்த ஆட்டத்தின் பதிவை அவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடியவர். அவரைத் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது, கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்தவர்கள்கூட அந்தப் பெயரைப் பெருமையாகச் சொன்னார்கள். இதில் ஒளிபரப்புக்கும் செய்திக்கும் பங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு ஊரில் ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு மறுநாள் மைதானத்துக்குப் போயிருப்பாள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆட்டம், தேர்வு, இந்திய ஜெர்சி. பிறகுதான் கேமரா. வட்டார அளவில் ஓடிய லைவ் அவரைப் பஹ்ரைனுக்குக் கொண்டு போகவில்லை.

ஆகவே என் கோடு இங்கே விழுகிறது. மாநில அளவிலான இறுதிச் சுற்று, முதலமைச்சர் கோப்பை, தேசியப் பள்ளிப் போட்டி, கேலோ இந்தியா போன்றவற்றை ஒளிபரப்பலாம், ஒளிபரப்பவும் வேண்டும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டி சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்தபோது தூர்தர்ஷன் காட்டியது. அங்கே பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருக்கிறது, பழகிய கேமராக்காரர்கள் இருக்கிறார்கள், தப்பு நடந்தால் புகார் கொடுக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அந்த உயரத்துக்கு வருகிற பிள்ளைக்கும் வீட்டுக்கும், நம்மைப் பலரும் பார்ப்பார்கள் என்று தெரிந்திருக்கும். குறுவட்டத்துக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்கு முந்தைய மாதம்தான் அணியில் சேர்ந்திருப்பார்கள். எதிரணி பிடித்தால் எப்படித் திமிறுவது என்றுகூடத் தெரியாமல் நிற்கிற வயது. அவர்களுக்குத் தப்பு செய்து பழக ஓர் இடம் வேண்டும், யாரும் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காத இடம்.

இது பெண் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கடைசி ரைடில் கோட்டைத் தொடாமல் திரும்பிவிட்ட பையனின் முகத்தை வைத்து மீம் போடுகிறார்கள். இரண்டு ஊர் அணிகள் மோதிய வீடியோவின் கீழே, ஆட்டத்தைப் பற்றி நாலு வரி போன பிறகு, சாதிப் பெயரும் சாதிப் பாட்டும் வந்து உட்காருகின்றன. நம் ஊரில் இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவராக விசில் ஊதியவர் பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அவர் கொடுத்த ஒரு 'அவுட்'டை ஊரே நிறுத்தி நிறுத்திப் பார்த்து அவரை வைகிறது. விபத்தையும் யோசியுங்கள். 2022-ல் கடலூர் மாவட்டத்தில் ஒரு கபடிப் போட்டியில் இளைஞர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். அந்தக் காட்சி நாடு முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. லைவ் என்றால் கேமராவைத் திருப்ப ஒரு நொடிகூடக் கிடைக்காது.

பள்ளி ஆட்டத்தை ஒரு நாடே உட்கார்ந்து பார்ப்பது என்றால் அது ஜப்பான். கோடையில் கோஷியென் மைதானத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியை பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே. முழுவதுமாகக் காட்டுகிறது. அதே ஜப்பானில், வீராங்கனைகளை வக்கிர நோக்கத்தோடு படம் பிடித்துப் பரப்புவது அளவு மீறிப் போய், 2020 நவம்பரில் அந்நாட்டு ஒலிம்பிக் கமிட்டியும் மற்ற விளையாட்டு அமைப்புகளும் சேர்ந்து அதைக் கண்டித்து அறிக்கை விட வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பள்ளி மாணவிகளும் இருந்தார்கள். யூடியூபும் 2019-ல், சிறார் இருக்கும் கோடிக்கணக்கான வீடியோக்களின் கமெண்டுப் பகுதியை மூடியது. சிறுமிகள் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் சாதாரண வீடியோக்களின் கீழே கூடிய கும்பல்தான் அதற்குக் காரணம். வீடியோ போட்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும்தான், ஒரு தப்பான எண்ணமும் இல்லாமல் போட்டவர்கள். உங்கள் ஊர்ச் சேனல் பையன்களைப் பற்றியும் எனக்கு இதே அபிப்பிராயம்தான். பேப்பரில் ஒரு வரிகூட வராத பெண்கள் கபடிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். விரோதியாக நினைத்து அவர்களிடம் போகாதீர்கள்.

அப்படியென்றால் கேமராவை வைத்து என்ன செய்யலாம்? பயிற்சிக்குப் பதிவு பெரிய உதவி. ரைடுக்குக் கிடைப்பது 30 விநாடி. அதற்குள் எதிரே ஏழு பேர் கை கோத்து எப்படி நகர்ந்தார்கள், ஓரத்தில் நிற்கும் கார்னர் எப்போது காலுக்குப் பாய்ந்தது, உள்ளே நிற்கும் கவர் ஏன் தாமதித்தது என்பதை ஆடுகிறவளால் பார்க்க முடியாது. வீடியோவில் பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கேமரா உயரத்தில், தள்ளி, அசையாமல் நின்று, 12-க்கு 8 மீட்டர் கோர்ட்டை முழுதாகப் பிடிக்க வேண்டும். பயிற்சிக்கு வேண்டிய இந்தக் கோணத்தில், ஷார்ட்ஸ் வெட்டுகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அவனுக்கு வேண்டியது கிட்டத்தில் எடுத்த உடம்பு. ஒருவரைத் துரத்தி ஜூம் செய்யும் கேமரா பயிற்சிக்கு உதவாது, அவனுக்குத்தான் உதவும். பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே ஒளிபரப்புத் தலைமை தன் கேமராக்காரர்களுக்கு, ஆண்களை எப்படிக் காட்டுகிறீர்களோ அப்படித்தான் பெண்களையும் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. உலகத்தில் மிகத் தேர்ந்த கேமராக்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருந்தால், பன்னிரண்டாவது முடித்த பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

உங்கள் கணவர் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. லைவைப் 'பப்ளிக்' என்று போடாமல் 'அன்லிஸ்டட்' என்று போட்டால், தேடினால் வராது. லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். அந்த லிங்கை ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் மட்டும் பள்ளி அனுப்பட்டும். லைவ் சாட், கமெண்ட், ரீமிக்ஸ் (மற்றவர்கள் வெட்டி ஷார்ட்ஸ் ஆக்கும் வசதி) மூன்றையும் அணைத்துவிடலாம். ஆட்டம் முடிந்து ஒரு வாரத்தில் வீடியோவைப் 'பிரைவேட்' ஆக்கிவிட்டு, கோப்பைப் பி.டி. சாரின் கணினியில் வைத்துக்கொள்ளலாம். வர்ணனையில் பிள்ளையின் முழுப் பெயர், ஊர், தெரு எதுவும் வேண்டாம். ஜெர்சி எண் போதும். பிரிட்டனில் சிறார் விளையாட்டுப் பாதுகாப்புக்கு வழிகாட்டும் அமைப்பும், படத்தோடு முழுப் பெயரைச் சேர்க்காதீர்கள் என்றே சொல்கிறது. லிங்க் வெளியே கசியாதா என்று கேட்பீர்கள். கசியலாம். யாராவது திரையைப் பதிவு செய்யலாம். ஆனால் கசிந்தால் அது அந்தக் குழுவில் இருப்பவர்களில் ஒருவர் வேலை என்பதாவது தெரியும்.

இதையெல்லாம் யார் கேட்பது என்பதில்தான் உங்கள் மகளின் பயம் இருக்கிறது. நீங்கள் தனியாகப் போய் நின்றால், "அவ அம்மாவாலதான் லைவ் போச்சு" என்று அணியில் பேச்சு வரும். அவள் சொல்வது நியாயம். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போங்கள். அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். அணியில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களில் இரண்டு மூன்று பேரிடம் முன்னாலேயே பேசிவிட்டு, அடுத்த கூட்டத்தில் பொதுவான தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஷார்ட்ஸ் விஷயத்தை அங்கே எடுக்கவே வேண்டாம். தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுப்பதென்றால் இவ்வளவு போதும்:

"நம் பள்ளி மாணவ மாணவியர் பங்கேற்கும் விளையாட்டுப் போட்டிகளைப் பதிவு செய்வதை வரவேற்கிறோம். பதிவுகளைப் பொதுவெளியில் வெளியிடாமல், பங்கேற்கும் மாணவர்களின் பெற்றோர் மட்டும் பார்க்கும்படி பகிருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பெற்றோர், மாணவர் இருவரிடமும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் தராத மாணவரை அணியிலிருந்து விலக்கக் கூடாது. ஏற்கெனவே வெளியான வீடியோக்களைப் பொதுப் பார்வையிலிருந்து எடுக்க வேண்டும்."

நாலாவது வரியை யாராவது வெட்டச் சொன்னால் விடாதீர்கள். ஒப்புதல் இல்லையென்றால் ஆட்டமும் இல்லை என்று வைத்துவிட்டு வாங்குகிற கையெழுத்துக்கு ஒப்புதல் என்று பெயர் இல்லை. மாணவர் கையெழுத்தையும் நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. தன்னைப் பற்றிய முடிவில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. 1992-ல் இந்தியா அதில் சேர்ந்துவிட்டது. உங்கள் மகளிடம் கேளுங்கள். அவளுக்கு லைவ் பிடித்திருக்கலாம், அப்பா பார்க்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய பலமாக இருந்திருக்கலாம். பெற்றோர் மட்டும் பார்க்கும் லிங்க் அவளுக்குச் சம்மதமா, எந்தப் பதிவு இருக்கலாம், எது போக வேண்டும் என்று அவள் வாயால் வரட்டும்.

தம்பியைப் பற்றி. அவர் அக்காள் மகள்மேல் உள்ள பாசத்தில் பேசுகிறார், புரிகிறது. ஆனால் அவர் சொல்கிற வழியில் போனால், வீடியோவை வெட்டியவன் போனும் கையுமாக அப்படியே இருப்பான், ஒழுங்காக ஆடிய பிள்ளை வீட்டுக்குள் உட்காருவாள். அடுத்த தடவை அவளுக்கு எங்காவது ஒரு தொந்தரவு வந்தால் உங்களிடம் சொல்லவும் மாட்டாள்; சொன்னால் இருப்பதும் போய்விடும் என்று கற்றுக்கொண்டிருப்பாள். தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். சைபர் கிரைம் நிலையத்துக்கு உங்களோடு அவர் வரட்டும். கோபம் அங்கே பயன்படும்.

கடைசியாக, வரப்போகிற வருவாய் மாவட்டப் போட்டி. அதை நடத்துவது வேறு பள்ளியாக இருக்கும் என்பதால், உங்கள் தலைமையாசிரியர் அந்தப் பள்ளிக்கு முன்கூட்டியே எழுத வேண்டும்: அனுமதி பெற்ற கேமரா மட்டும், அது நிற்க ஓர் இடம், தொடங்கும்போது மைக்கில் ஓர் அறிவிப்பு. பிள்ளைகள் உடை மாற்றும் அறைப் பக்கம் யார் போனும் போகக் கூடாது என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பல மைதானங்களில் அந்த அறைக்குத் தாழ்ப்பாள்கூட இருப்பதில்லை. பள்ளி அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதலாம், 14417 என்ற பள்ளிக் கல்வித்துறை எண்ணிலும் சொல்லலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆட்சியர் அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது, மனுவின் ஒரு நகலை அங்கேயும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.